தண்ணீர் வந்ததா, விட்டார்களா, திறக்கப்பட்டதா?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் நாற்று விட்டுக் காத்திருக்கும் காலத்தில், தேநீர்க் கடையில் விழும் முதல் கேள்வி அரசியலும் அல்ல, சினிமாவும் அல்ல. "ஆளியாத்துத் தண்ணி வந்துச்சா?" என்பதுதான். "விட்டுட்டாங்களாம், ராத்திரிக்குள்ள மூலத்தரைக்கு வந்துரும்" என்று பக்கத்து பெஞ்சிலிருந்து பதில் வரும். கடைக்காரர் மடித்து வைத்திருக்கும் நாளிதழில் அதே சேதி வேறு உடுப்பில் இருக்கும்: "ஆளியாறு அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது."

தண்ணீர் ஒன்றுதான், வாக்கியம் மூன்று. முதல் வாக்கியத்தில் தண்ணீர் தன் காலாலேயே நடந்து வருகிறது. இரண்டாவதில் யாரோ சிலர் ஷட்டரைத் தூக்கியிருக்கிறார்கள். பெயர் தெரியாது, ஆனால் மனிதர்கள் என்பது நிச்சயம். மூன்றாவதில் வேலை நடந்திருக்கிறது, வேலை செய்தவரைக் காணோம். இத்தனைக்கும் இந்தத் தண்ணீர் விஷயத்தில் செய்பவர் யாரென்பது ஊருக்கே தெரியும். பரம்பிக்குளம் - ஆளியாறு ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தானது. அதன்படி மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரைச் சித்தூர்ப் பக்கம் விட வேண்டியது தமிழ்நாடு. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி வட்டாரங்களில் வீட்டுப் பேச்சு பெரும்பாலும் தமிழ்தான். தமிழ்நாடு தண்ணீர் தரவில்லை என்று தமிழிலேயே திட்டுகிற ஊர்கள் இந்த எல்லையில்தான் இருக்கும்.

கடையில் இப்படிப் பேசிவிட்டு வீட்டுக்குப் போகிறவரின் மகள் சாயங்கால டியூஷனில் உட்கார்ந்து இந்த விஷயத்தையே வேறு பெயரில் படிக்கிறாள். ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸ். தமிழ் இலக்கண வகுப்பில் செய்வினை, செயப்பாட்டுவினை. வகுப்பில் அது எப்படி இருக்கும் என்பது ஆங்கிலம் படித்த எல்லாருக்கும் மனப்பாடம். "ராமா கில்டு ராவணா." கடைசியில் இருப்பதை முன்னால் கொண்டு வா, 'வாஸ்' போடு, வினையை மூன்றாம் வடிவத்துக்கு மாற்று, 'பை' சேர், முன்னால் இருந்ததைப் பின்னால் தள்ளு. "ராவணா வாஸ் கில்டு பை ராமா." டிக். இரண்டு மார்க். ரென் - மார்ட்டின் இலக்கணம் 1930-களில் வந்ததிலிருந்து ராவணன் இப்படித்தான் செத்துக்கொண்டிருக்கிறான்.

கேரளப் பாடத்திட்டம் சூத்திரத்தை உருப்போடும் பழக்கத்தைக் குறைக்கப் பார்த்தது உண்மை. டியூஷன் மையங்கள் விட்டால்தானே! அதற்கும் மேலே பி.எஸ்.சி. இருக்கிறது. எல்லைப் பிள்ளைகளுக்கு அரசு வேலை என்றால் கேரளத்தில் பி.எஸ்.சி., மலை இறங்கினால் டி.என்.பி.எஸ்.சி. இந்தத் தேர்வுகளின் பொது ஆங்கிலத்தில் 'வாய்ஸ்' நிரந்தர விருந்தாளி. கொள்குறி வினாவுக்கு ஏற்ற பாடம் இதைவிட வேறு இல்லை: நான்கு விடைகளில் எதில் 'பீன்' சரியான இடத்தில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். வாக்கியத்தைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூட வேண்டாம்.

இந்தப் பயிற்சியின் பெரிய பொய் 'பை'யில் இருக்கிறது. ராண்டால்ஃப் க்வர்க்கும் தோழர்களும் 1985-ல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கணம், ஆங்கிலச் செயப்பாட்டு வாக்கியங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு செய்தவரைச் சொல்வதே இல்லை என்கிறது. வகுப்பிலோ ஐந்துக்கு ஐந்தும் 'பை'. அதாவது ஆங்கிலத்தில் அதிகம் வழங்குவது எதுவோ அதைப் பிள்ளைக்குக் காட்டுவதில்லை. அபூர்வமானதைத்தான் நூறு முறை எழுதச் சொல்கிறோம். அதன் விளைவு, "தி லெட்டர் வாஸ் ரிட்டன் பை மீ" என்று கடிதம் எழுதும் தலைமுறை. சரியான இலக்கணம்தான். ஆங்கிலம் பேசும் ஊரில் போய்ச் சொன்னால், கோர்ட்டில் வாக்குமூலம் கொடுக்கிறாரோ என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

'பை' எப்போது வேண்டும், எப்போது வேண்டாம், அதை விட்டுவிட்டால் யாருக்கு லாபம் என்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு அட்டையை மட்டும் நடத்துகிறோம்.

எல்லைப் பிள்ளைக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு. வீட்டில் தமிழ், பஸ்ஸில் மலையாளம், புத்தகத்தில் ஆங்கிலம். பிழை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் மூன்று மொழிகளும் ஆளுக்கொரு கை வைத்திருக்கும். "ஐ பார்ன் இன் மூணார்" என்று பிள்ளை எழுதுகிறது. தமிழில் நாம் 'பிறந்தேன்' என்கிறோம். பிறப்பு நாமே செய்கிற காரியம். ஆங்கிலத்தில் பெற்றவள்தான் செய்தவள், பிள்ளை செயப்படுபொருள். அதனால்தான் அங்கே 'வாஸ்' வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை ஒரு முறையில் பிடித்துக்கொள்ளும். சிவப்பு மையில் சுழித்து விட்டால் பயந்துபோய் அடுத்த வாரம் எல்லாவற்றுக்கும் 'வாஸ்' போடும்: "ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்." அப்புறம் "ஹி வாஸ் எஸ்கேப்ட்." இந்தக் கடைசிப் பிழைக்கு மலையாளமும் ஒரு வகையில் ஜவாப்தாரி. தப்பித்தான் என்பதற்கு அங்கே 'ரட்சப்பெட்டு'. உருவத்தைப் பார்த்தால் நம் 'காப்பாற்றப்பட்டான்'. பொருளோ 'தப்பி ஓடினான்'. காதில் 'பெட்டு' விழுந்த பிள்ளை 'வாஸ்' போடுவதில் ஆச்சரியம் என்ன?

நம் 'படு'வும் லேசுப்பட்டதல்ல. கஷ்டப்பட்டான், அடிபட்டான், அவதிப்பட்டான் என்று அனுபவிப்பதைச் சொல்லப் பிறந்த சொல் அது. குறளிலேயே 'எனப்படுவது' உண்டு; ஆகவே செயப்பாட்டுவினை வெள்ளைக்காரன் கொண்டு வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பேச்சில் அதற்கு என்றைக்கும் பெரிய இடம் இருந்ததில்லை. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளுக்கு உரிய செயப்பாட்டுவினை என்று ஒன்று இல்லை என்றே எழுதினார். 'படு' சேர்த்து அமைப்பது அவர் கணக்கில் ஒரு சுற்றுவழி. கொஞ்சம் கடுமையான தீர்ப்புதான். என்றாலும் காது கொடுத்துக் கேட்டு எழுதிய மனிதர். இன்றைக்கும் வீட்டில் யாராவது "சோறு சமைக்கப்பட்டது, வாருங்கள்" என்று கூப்பிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டியதுதான்.

'படு' இல்லாமலே செய்தவரை மறைக்கவோ பின்னால் தள்ளவோ தமிழுக்கு வழிகள் நிறைய. "டம்ளர் உடைஞ்சு போச்சு" என்று சின்னப் பிள்ளை சொல்லும்போது உடைத்த கை வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறது. திண்ணையை மெழுகியவளை விட்டுவிட்டுத் திண்ணையே மெழுகிக்கொண்டதுபோலப் பேசும் வழக்கைத் தொல்காப்பியமும் உரைகாரர்களும் அன்றே கவனித்திருக்கிறார்கள். "அடி வாங்கினான்", "திட்டு வாங்கினான்" என்றால் பட்டவன் எழுவாயாகிவிடுகிறான், கொடுத்தவன் யார் என்பது கேட்டால்தான் வரும். "கொழுந்து எடுத்தாச்சு", "மனு கொடுத்தாச்சு" என்ற 'ஆச்சு'வில் ஆளே தேவையில்லை. எல்லாவற்றுக்கும் மேலே "விட்டுட்டாங்க", "நிறுத்திட்டாங்க", "குறைச்சுட்டாங்க" என்று சொல்கிற அந்த 'ஆங்க' இருக்கிறது. தமிழ் மக்களின் உண்மையான செயப்பாட்டுவினை அதுதான் என்று அடித்துச் சொல்லலாம். யார் என்று தெரியாது, தெரிந்தாலும் சொல்ல வேண்டாம். ஆனால் தானாக நடக்கவில்லை, யாரோ செய்தார்கள் என்ற சாட்சியம் மட்டும் அதில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

அலுவலக மொழி இதைத்தான் முதலில் களைகிறது. "பஸ்ஸை நிறுத்திட்டாங்க" என்று ஊர் சொல்வது, அறிவிப்புப் பலகைக்கு ஏறும்போது "பேருந்துச் சேவை நிறுத்தப்பட்டுள்ளது" என்றாகிறது.

குமுளியிலோ உடும்பஞ்சோலையிலோ அரசுச் சான்றுகளுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க உதவும் ஓர் அட்சயா மையத்தின் வாசல் பெஞ்சில் அரை நாள் உட்கார்ந்தால் இது கண்ணெதிரே நடக்கும். வருமானச் சான்றுக்கோ சாதிச் சான்றுக்கோ எழுதிப் போட்டவரின் போனுக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து விழுகிறது: விண்ணப்பம் 'ஹாஸ் பீன் ரிட்டர்ன்ட்'. ஏலத்தோட்டத்து வேலையை அரை நாள் விட்டுவிட்டு வந்த அம்மா போனைக் கவுன்ட்டரில் நீட்டுகிறார். "திருப்பி விட்டிருக்கு" என்கிறார் உள்ளே இருக்கும் பெண். "யாரும்மா திருப்புனது?" என்பதுதான் அடுத்த கேள்வி. கேட்டவர் பள்ளிக்கூடமே போகாதவராக இருக்கலாம். 'வாய்ஸ்' பாடத்தின் சரியான கேள்வி அதுதான். திரையில் அதற்கு விடை இல்லை. வில்லேஜ் ஆபீஸா, தாலுகா ஆபீஸா, என்ன காகிதம் குறைகிறது, எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்பதை அந்த வாக்கியம் விழுங்கிவிட்டது. விழுங்கியதற்கு விலை இன்னும் ஒரு நாள் கூலி.

சட்டத்தில் குறை இல்லை. ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் முறையிடலாம் என்கிறது அரசியலமைப்பின் 350-வது பிரிவு. கேரளத்தின் 1969-ம் ஆண்டு அலுவல் மொழிச் சட்டம், பின்னால் வந்த திருத்தத்தோடு சேர்ந்து, இன்னும் ஒரு படி மேலே போகிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழரும் கன்னடரும் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும் என்கிறது. அதற்காகத் தமிழும் மலையாளமும் தெரிந்த எழுத்தர்களுக்கென்றே பி.எஸ்.சி.யில் தனிப் பதவி உண்டு. பதில் தமிழில் வந்தால் மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி. "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்பதில் எழுத்து தமிழ். மனு எங்கே போனது என்பது எந்த மொழியிலும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தகவலை மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும். வாக்கியத்தில் தொலைந்த 'பை'யைத் தேடிக் கண்டுபிடிக்கக் கட்டணம் 10 ரூபாய்.

சித்தூர் தாலுகாவுக்கு இது புதிய பாடமும் அல்ல. பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் கோககோலா ஆலை 2000-ல் வந்தது. கிணறு வற்றியது, இருந்த தண்ணீரும் வாயில் வைக்க முடியாமல் போனது என்று பக்கத்துக் குடியிருப்புப் பழங்குடிப் பெண்கள் 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் மயிலம்மா. அந்த வழக்கை இலக்கணமாக்கிப் பார்த்தால் தகராறு முழுக்க ஒரு வினையைப் பற்றித்தான். மழை பொய்த்ததால் தண்ணீர் 'குறைந்தது' என்றது ஒரு தரப்பு. இறைத்துக் 'குறைத்தார்கள்' என்றது மறுதரப்பு. தன்வினையா பிறவினையா? 2003 டிசம்பரில் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்றார். 2005-ல் இரு நீதிபதிகள் அமர்வு, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. இடையில் 2004 மார்ச்சிலேயே ஆலை உற்பத்தியை நிறுத்திவிட்டது. 2010-ல் உயர்நிலைக் குழு சேதத்தை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்கக் கேரளச் சட்டமன்றம் 2011-ல் நிறைவேற்றிய மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இல்லாமல் நின்றுபோனது. 'மதிப்பிடப்பட்டது', 'நிறைவேற்றப்பட்டது', 'அனுப்பப்பட்டது' என்று எல்லாப் 'பட்டது'களும் ஆன பின்னும் 'கொடுத்தார்கள்' என்ற ஒரு வினை மட்டும் வரவில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, செயப்பாட்டுவினையையே ஒழித்துவிடுவோம் என்று கிளம்பினால் அதுவும் தப்பு. ஆங்கிலத்தில் அப்படி ஒரு கட்சி உண்டு. ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் எழுதிய கட்டுரையில், செய்வினை கைகொடுக்கும் இடத்தில் பேசிவை எழுதாதே என்று விதியே போட்டார். அதைத் தாயத்தாகக் கட்டிக்கொண்ட நடைக் கையேடுகள் ஏராளம். கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்தால் பேசிவ் வந்த இடத்தில் கோடு கிழிக்கும் மென்பொருளும் வந்துவிட்டது. மொழியியல் அறிஞர் ஜெஃப்ரி புல்லம் போன்றவர்கள் இந்தக் கட்சியைப் பல வருடம் கேலி செய்து வந்திருக்கிறார்கள். பேசிவைத் திட்டுகிறவர்களில் பலருக்கு எது பேசிவ் என்றே தெரியவில்லை என்பது புல்லத்தின் புகார். நியாயமான புகார்தான். "தவறு நேர்ந்துவிட்டது" என்பது பேசிவே அல்ல. செய்தவரை மறைப்பதில் பேசிவை மிஞ்சிவிடும்.

செய்தவரைச் சொல்லாமல் விடுவதே பலமாகிற இடங்களும் உண்டு. அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமை ஒழிக்கப்படுகிறது என்று செயப்பாட்டுவினையில்தான் தொடங்குகிறது. யாரால் என்று இல்லை. யார் பெயரையும் போடாததால்தான் அது எல்லார் தலையிலும் வந்து நிற்கிறது. "நால்வர் கைது செய்யப்பட்டனர்" என்று பத்திரிகை எழுதுவதிலும் பிழை இல்லை. கைது செய்வது போலீஸ் என்று யாருக்குத் தெரியாது?

இன்னும் நுட்பமான இடம் ஒன்று மூணாருக்கு மேலே இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை மூடியது. சேதி வெளியே எட்டவே மறுநாள் காலை ஆனது. உயிரிழப்புக் கணக்கு 70-ல் நின்றது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அந்த நாள்களில் "லயத்தில் வசித்து வந்தார்கள்" என்று செய்திகள் வந்தன. நல்ல செய்வினை வாக்கியம், ஆர்வெல் பாராட்டுவார். "லயத்தில் குடியமர்த்தப்பட்டிருந்தார்கள்" என்று எழுதியிருந்தால்? உடனே 'யாரால்' என்ற கேள்வி தலை தூக்கும். தொழிலாளிக்கு வீடு கட்டித் தர வேண்டியதும் பராமரிக்க வேண்டியதும் முதலாளியின் கடமை என்று 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது நினைவுக்கு வரும். மலைச் சரிவில் வீடு பார்த்துப் போனவர்கள் அல்லவே அவர்கள். இங்கே செய்வினைதான் மறைக்கிறது. செயப்பாட்டுவினைதான் காட்டிக் கொடுக்கிறது.

இதே மூணாரில் 2015 செப்டம்பரில் தோட்டப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். போனஸ் 10 விழுக்காடு என்றது நிர்வாகம். பெண்கள் 20 கேட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி நிறுத்திவிட்டு 'பெம்பிளை ஒருமை' என்று பெயரும் வைத்துக்கொண்டு 9 நாள் பாதையை மறித்தார்கள். 8.33 விழுக்காடு போனஸ், மீதி 11.67 கருணைத்தொகை என்று கணக்குப் போட்டு 20 கொடுத்தார்கள். கருணை என்ற சொல்லை அங்கே செருகியவரின் சாமர்த்தியம் தனிக் கட்டுரைக்கு உரியது. அந்தப் போராட்டத்தின் முழக்கங்களை இலக்கணக் காதோடு கேட்டவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். 'நாங்கள்' ஒரு பக்கம், 'நீங்கள்' ஒரு பக்கம் என்று வரிக்கு வரி எழுவாய் இருந்தது. கொழுந்து கிள்ளுவது யார், அதில் சுகப்படுவது யார் என்று இரண்டு பெயரும் வாக்கியத்தில் இருந்தன. 'பறிக்கப்படுகிறது', 'மறுக்கப்படுகிறது' என்று தலைவர்கள் பேசும் மேடைத் தமிழ் அவர்கள் வாயில் வரவில்லை.

ஆகவே ராமனையும் ராவணனையும் கொஞ்ச நாள் சும்மா விடலாம். மறையூரிலோ வண்டிப்பெரியாற்றிலோ கோவிந்தாபுரத்திலோ ஆசிரியர் வகுப்புக்குப் போகிற வழியில் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போனால் அன்றைய பாடம் முடிந்தது. அதில் செய்தவர் எங்கே? தெரியாததால் விட்டார்களா, எல்லாருக்கும் தெரியும் என்று விட்டார்களா, தெரியக் கூடாது என்று விட்டார்களா? மூன்றையும் பிள்ளைகள் தமிழில் வாதாடட்டும், நடுவே மலையாளம் வந்தாலும் வரட்டும். அதன் பிறகு ஆங்கிலத்தில் 'வாஸ்' எங்கே வரும், 'பை' எங்கே வரும் என்பது பத்து நிமிட வேலை.

அந்த வகுப்பில் இருப்பவர்களில் ஒருத்தி நாளைக்குப் பி.எஸ்.சி. எழுதி, தமிழும் மலையாளமும் தெரிந்த எழுத்தராகப் பீர்மேட்டிலோ சித்தூரிலோ மேஜைக்குப் பின்னால் உட்காரப் போகிறவள். பட்டா கேட்டு வந்த மனுவுக்கு அவள் பதில் எழுத வேண்டும். "தங்கள் மனு மேல் நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்று பழைய கோப்பைப் பார்த்து எழுதலாம். "தங்கள் மனுவை 12-ம் தேதி தாலுகா அலுவலக நில அளவைப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம், 30-ம் தேதிக்குள் அவர்கள் வந்து அளப்பார்கள்" என்றும் எழுதலாம். கூடுதலாகச் செலவாவது ஒரு வரி மைதான்.